ஒரு கணமும் தயங்காமல்

கவர்னரின் கப்பல் கெட்டில் கோவுக்கு வந்த அன்று
விடியும்போதே மேற்கு கறுத்திருந்தது.
பரண்களில் காட் மீன் காய்ந்துகொண்டிருந்தது,
பாதிக் கோடையின் உழைப்பு.
மேடையில் உட்கார்ந்த அம்மா
வானத்தையே பார்த்தாள்.

கண்ணாடி போட்ட அதிகாரி வாசித்தார்:
"எதிரியின் குண்டு பதுங்குகுழிக்குள் விழுந்ததும்
சிப்பாய் ஹெட்லி பின்
ஒரு கணமும் தயங்காமல்
தன் உடலால் அதை மூடினார்.
ஐவர் பிழைத்தனர்."

எங்கள் ஹெட்லியா?
படகில் ஒரு காலை வைத்துவிட்டு
மறுகாலுக்கு யோசிப்பவன்.
மேபலிடம் சொல்லவேண்டியதை
மூன்று குளிர்காலம் வாய்க்குள்ளேயே வைத்திருந்து
அப்படியே பிரான்சுக்குக் கப்பலேறியவன்.

தயங்கியிருப்பான்.
நகத்தைக் கடித்திருப்பான்,
அதற்கு நேரமில்லையென்றால்
கடிக்க நினைத்தாவது இருப்பான்.
அம்மாவை, மேபலை, பாதி பின்னிய வலையை,
எனக்குத் தரவேண்டிய நாலணாக் கடனை
எல்லாம் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான்
விழுந்திருப்பான்.

பதக்கம் அம்மாவின் கைக்கு வரவும்
முதல் துளி விழவும் சரியாக இருந்தது.
"தெர்ஸா, மீன்!"
பதக்கத்தை மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஓடினாள்.
பின்னால் நான். எனக்குப் பின்னால்
தேவாலயத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் மேபல்.
தோல் மேலே இருக்கும்படி
ஒவ்வொன்றாய்த் திருப்பி அடுக்கினோம்.
கவர்னரின் மாலுமிகள் இருவர்
வெள்ளைக் கையுறையோடு வந்து சேர்ந்துகொண்டார்கள்.
பேச்சு யாருக்காகவோ நடந்துகொண்டிருந்தது.

இரவு, பையைக் கவிழ்த்தாள்:
ஒரு ஆணி, நூல்கண்டு,
உப்பு ஒட்டிய பதக்கம்.
விளக்கருகே திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதை வாங்க அவனே வந்திருந்தால்
மேடைப் படி ஏறுவதற்குள்
மீனெல்லாம் நனைந்திருக்கும்" என்றாள்.

தந்தி வந்த பிறகு
அன்றுதான் அம்மா சிரித்தாள்.