தடி கொடுத்தவள்

பங்குனி நடுப்பகுதி. கடல்
ஒரு வாரமாய் மூச்சு விடவில்லை.
வெள்ளவத்தை, கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை,
நாலாம் மாடி.
என் செவ்வரத்தையின் நுனிக்குருத்து
பொத்திய கைபோல் சுருண்டு
திறக்க மறுத்தது.

பிரித்துப் பார்த்தேன். மா.
இடியப்பத்துக்கு அரிக்கையில்
அரிதட்டோரம் சிந்துகிற அதே மா,
கணுவுக்குக் கணு.
ஊதினேன், பறக்கவில்லை.
நகத்தால் அழுத்தினேன்,
ரோஸ் நிறத்தில் நசிந்தது.

வெண்மூட்டுப்பூச்சி, என்றார்
தெகிவளைப் பூக்கன்றுக் கடை ரிஃப்கான்
தொலைபேசியில், நேரம் சொல்வதுபோல.
"வெயில் காலந்தானே, எல்லாருக்கும் வந்திருக்கு."

எல்லாருக்கும் வந்துதான் இருந்தது.
மூன்றாம் மாடி நஸ்மியாவின் ரோசா இலைகள்
திருநீறு பூசினாற்போல் நரைத்திருந்தன.
வாய்தவறி அப்படியே சொல்லிவிட்டேன்.
"என்ட ரோசாவ மதம் மாத்திட்டீங்களே"
என்று கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
ஆறாம் மாடி விக்கிரமாராச்சியின் தொட்டி அரலியா,
இலையைத் திருப்பினால் செம்மஞ்சள் தூள்.
விரலில் ஒட்டி, சட்டையில் ஒட்டி
லிஃப்ட் பொத்தானிலும் ஒட்டியது.
முற்றத்துத் தென்னோலையின் அடிப்பக்கம்
வெள்ளை ஈ சுருள்சுருளாய் முட்டையிட்டு
கீழே நின்ற கார்களில் பிசின் சொட்ட,
பிசின்மேல் கரி பூத்தது.

அதனால்தான் கூட்டம்.
இலைக்காக யாரும் கூடுவதில்லை,
கார்க் கண்ணாடிக்காகக் கூடினார்கள்.

கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் கதிரைகள்.
ஆளுக்கொரு சொப்பிங் பையில்
நோய்ப்பட்ட கொப்பு.
இரத்தப் பரிசோதனைக்கு வந்தவர்கள்போல
மடியில் வைத்து இருந்தார்கள்.
மூன்று மொழியிலும் குற்றவாளி ஒருவரே:
மதிலோரம்
யாரும் நடாமல் தானாய் முளைத்த பப்பாசி.
அதன் காயெல்லாம் வெள்ளை அப்பியிருந்தது, உண்மை.
ஒரு காய்கூட யாரும் வாங்கித் தின்றதில்லை, பிடுங்கித்தான் தின்றோம்,
அதுவும் உண்மை.
தாளில் கடைசிக் கையெழுத்து என்னுடையது.
காவலாளி குலரத்ன கத்தியோடு போனார்.
பத்து நிமிடம் ஆகவில்லை.
பால் மட்டும் மாலைவரை வடிந்தது.

விழுந்து கிடந்த காயொன்றில்
சும்மாதான் நகத்தை வைத்தேன்.
மஞ்சளாய் நசிந்தது.

மஞ்சள்.

லிஃப்டுக்கு நிற்காமல் படியேறினேன்.
இரண்டாம் மாடி தர்மகுலசிங்கத்தார் வீட்டில்: ரோஸ்.
நஸ்மியாவின் யன்னலோரம்: ரோஸ்.
ஆறாம் மாடியில்: ரோஸ்.
எல்லாம் அடுக்குச் செவ்வரத்தை.
எல்லாம் ஒரே தாயின் கொப்பு.

போன வருஷக் கலண்டரைத் தேடி எடுத்தேன்.
சித்திரைத் தாளின் பின்பக்கம்
பதினொரு பெயர்கள், என் கையெழுத்தில்.
பலகாரத் தட்டோடு ஆளுக்கொரு தடி,
ஈரக் கடதாசி சுற்றி, ரிபன் கட்டி.
ஒருவரும் விடுபடக்கூடாதென்று
எழுதி வைத்திருக்கிறேன்.

ஒருவரும் விடுபடவில்லை.

வருஷம் பிறக்க ஒன்பது நாள்.
இம்முறை என் கையில்
சவர்க்காரத் தண்ணீரில் வேப்பெண்ணெய் கலக்கிய போத்தல்.
மணியை அடித்தால் என்ன சொல்வது?
"உங்கட பூவை ஒருக்காப் பார்க்கலாமோ"
என்றுதான் தொடங்குகிறேன்.

நஸ்மியா தேநீர் வைக்கிறாள்.
குனிந்து அடிக்கப் போகையில்
வெள்ளைகளுக்குள் ஒரு வெள்ளை
விறுவிறுவென்று நடக்கிறது.
மற்றதைவிடப் பெரிது. மெழுகுச் சடை.
நசிக்க வைத்த விரலை எடுத்தேன்.
மற்றவை இருந்த இடத்திலிருந்து உறிஞ்சுகின்றன,
இது நடந்து நடந்து தின்கிறது.
பொறிவண்டின் குஞ்சு.
இரையின் உடுப்பையே போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

ரிபன் கட்டிக் கொடுத்தபோது
எதை இரண்டு தரம் பார்த்தேன் நான்?

போத்தலைத் தரையில் வைத்தேன்.
"ஏன், அடிக்கல்லியா?"
"கொஞ்சம் பொறுங்கோ."

தேநீர் ஆறுகிறது.
அது இன்னொன்றைப் பிடித்துவிட்டது.
நஸ்மியாவும் பக்கத்தில் குந்தி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு,
பார்க்கிறாள்.
தடியைப் பற்றி
நான் இன்னும் சொல்லவில்லை.