மூன்று சாக்கு மண்

செவ்வாய்ப்பேட்டைச் சந்துக்குள் லாரி நுழையாது.
இது தெரியாத கம்பெனிக்காரன்
பெங்களூரிலிருந்து போனிலேயே விலை சொல்லியிருந்தான்.

இருசப்பன் நேரில் வந்தார்.
வாசற்படியில் நின்று இரண்டு கையையும் விரித்தார்.
விரித்த கையை மடக்காமல்
அப்படியே உள்ளே நடந்துபோய்
தேக்கு பீரோவுக்கு முன்னால் நின்றார்.
"வராது" என்றார். "உள்ளே எப்படி வந்துச்சு?"
வீட்டுக்காரர் சுந்தரவடிவேலுக்குத் தெரியவில்லை.
பீரோ வந்த பிறகு சுவர் வந்திருக்கும்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் எங்களைப் பேசினார்கள்.
ஒன்பதாயிரம். டீசல் தனி.
காலைப் பலகாரம் அவர்கள் பொறுப்பு.
ஆண்கள் நாலு பேர், அப்புறம் நான்.
நான் தூக்குவதில்லை, சுற்றுவேன்.
கண்ணாடி டம்ளருக்கு ஒரு தாள்,
பீங்கானுக்கு இரண்டு.
சாமி படத்துக்கு மட்டும் துணி;
தாளில் எந்தக் கொலைச் செய்தி இருக்குமோ.

விடிகாலை நாலரைக்குத் தொடங்கினோம்.
நேரமானால் லீ பஜாருக்கு மூட்டை லாரி வரும்,
சைக்கிள்கூட நகராது.
சந்துக்குள் தள்ளுவண்டி, முனையில் மினிலாரி.
மாடிக்குப் பதினேழு படி,
ஒன்பதாவது மட்டும் நெட்டை.
சேட்டு அதில் தடுக்கி
கிரைண்டரோடு குலுங்கி நின்றதும்
இருசப்பன் வெற்றிலைச் சுண்ணாம்பை விரலில் எடுத்து
படி விளிம்பில் ஒரு கோடு இழுத்தார்.
அதற்குமேல் யாரும் தடுக்கவில்லை.

பின்கட்டு அறையில் முன்பு கொலுசுப் பட்டறை.
பட்டறை இப்போது சிவதாபுரத்தில் பெரிதாய் ஓடுகிறதாம்.
நான் கூட்டி முறத்தில் அள்ளியபோது
வீட்டம்மா புவனேஸ்வரி ஓடிவந்தார்.
"அதைக் கொட்டிடாதே!"
தரையிடுக்கை ஊசியால் நெம்பி, தூரிகையால் தட்டி
மூன்று சாக்கு கட்டினோம்.
மண்ணை உருக்கினால் வெள்ளி வருமாம்.
நான் இதுவரை சுற்றிக் கொடுத்ததிலேயே
உடையாத சாமான் அதுதான்.

கன்னங்குறிச்சி தாண்டி
மலைச்சாரல் கார்டன்.
எல்லாச் சன்னலிலும் ஏற்காட்டு மலை தெரியும் என்று
பலகையில் எழுதியிருந்தது.
கேட்டில் இருந்தவர் ஒவ்வொரு சாக்காய்த் தட்டினார்.
"இதுல என்ன?"
"மண்ணு."
"கட்டடக் கழிவு உள்ள விடக்கூடாது."
"கழிவு இல்லீங்க, இதுக்கு விலை இருக்கு."
"அப்ப மண்ணுன்னு ஏன் சொன்னே?"
அரைமணி நேரம் வெயிலில் லாரி.
கடைசியில் நோட்டில் எழுதிக்கொண்டார்:
வீட்டு உபயோகப் பொருள், மூன்று.

உள்ளே எல்லாமே வெள்ளைச் சுவர், சாம்பல் கதவு.
செவ்வாய்ப்பேட்டையில் இருட்டில் படியெண்ணி நடந்த இருசப்பன்
கண்ணாடியை மாட்டிக்கொண்டு நம்பர் தேடினார்.
இரண்டு கட்டிலும் வாஷிங் மெஷினும் இறக்கி
சமையலறையில் நான் பாதி டம்ளரைப் பிரித்து அடுக்கிய பிறகுதான்
போன் வந்தது: "எங்கே இருக்கீங்க?"
"வீட்டுலதான்."
"வீட்டுல நாங்கதானே இருக்கோம்!"

நாற்பத்தேழு அவர்களுடையது.
நாங்கள் நின்றது எழுபத்துநாலில்.
அங்கே டைல்ஸ் பதித்துக்கொண்டிருந்த வடநாட்டுப் பையன்
நாங்கள் வரும்போதெல்லாம் ஒதுங்கி வழிவிட்டான்;
போகும்போதும் விட்டான்.
லாரி அதற்குள் திரும்பிப் போயிருந்தது.
முப்பதடி ரோட்டில், ஒரு மரம் இல்லாத வெயிலில்,
கட்டில்கள் தலையில் நடந்து போயின.
மலை நன்றாகத்தான் தெரிந்தது.

தாமதத்துக்கு ஐந்நூறு பிடித்தார் சுந்தரவடிவேல்.
இருசப்பன் ஒன்றும் சொல்லாமல் எண்ணி வாங்கி,
பிறகு கேட்டார்: "பீரோ?"
"வாங்குறவன் வீட்டோட வாங்கட்டும்."
அவர் கை தானாக விரிந்து
புதுவீட்டு வாசலை ஒருமுறை அளந்தது.
இதில் தாராளமாய் வந்திருக்கும்.

என் பங்கு அறுநூறு. ஆண்களுக்கு ஆயிரம்.
இந்தச் சித்திரையில் நானும் வீடு மாறினேன்,
குகையிலிருந்து தாதகாப்பட்டிக்கு.
ஆட்டோவில் ஒரே நடை.
எதற்கும் தாள் சுற்றவில்லை,
என்னுடையதெல்லாம் எவர்சில்வர்.

ராத்திரி சேலையை அவிழ்த்து
வாசலில் உதறப் போனேன்.
முந்தானையெல்லாம் பட்டறை மண்.
கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு
உள்ளே வந்து
நேற்றைய பேப்பரை விரித்து
அதன்மேல் உதறினேன்.