வரவு செலவு

வேனுக்கு டீசல், ஒன்பதாயிரத்து நானூறு.
அதில் பாதியை நவ்பர்
"பிறகு பார்ப்பமே அக்கா" என்றான்.
அந்தப் பிறகு
போன மார்ச்சிலிருந்து பாக்கி.

சாக்ஸபோன் ரீட் ஒரு பெட்டி.
கொழும்பு பஸ் கண்டக்டரின்
சட்டைப் பையில் வந்தது.
ரசீது இல்லை.

குளிரில் பித்தளைக்குச் சுருதி இறங்குமாம்.
ட்ரொம்போன் வாசிக்கிற டில்ருக்ஷிதான் சொன்னாள்.
ஸ்டோரில் இரவு வேலை ஜெபநேசன்
டிரையருக்குப் பக்கத்தில் பலகை போட்டார்,
மேலே தேயிலைச் சாக்கு.
துரைக்குத் தெரியாது.
இப்போது எடுத்து ஊதினால்
முதலில் வருவது டஸ்ட் வாசம்,
சத்தம் அப்புறம்தான்.

எனக்கு ஜாஸ் பிடிபடவேயில்லை.
எந்தக் கூட்டத்திலும் இதைச் சொன்னதில்லை.
எங்கே கைதட்டுவதென்று
ஜெபநேசனைப் பார்ப்பேன்.
அவர் என்னைப் பார்ப்பார்.

சனிக்கிழமை அட்டன் மண்டபத்தில்
மூன்றாவது பாட்டின் நடுவே கரண்ட் போனது.
பேஸ் கிட்டார் செத்தது.
ட்ரம்ஸ் நிற்கவில்லை.
போன் வெளிச்சத்தோடு
மேடைக்கு ஓடினேன்,
தாளுக்குப் பிடிக்க.
வேண்டாம் என்று
ஒரு கை மட்டும் அசைந்தது இருட்டில்.
பிறகு டில்ருக்ஷி ஊதினாள்,
அடுத்தது என்ன வருமென்று
அவளுக்கே தெரியாத மாதிரி.
மலைப்பாதை வளைவில் நவ்பர்
ஹோர்ன் அடித்துக் காத்திருந்து திரும்புவானே,
அந்த மாதிரி.

யாரையும் பார்க்காமல் கைதட்டினேன்.
தப்பான இடம்தான் போல.
பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

போட்டோக்கொப்பி, மூவாயிரத்து இருநூறு.
ஜெனரேட்டர் வாடகை
என்று எழுதியிருந்த வரியை
இன்னும் அடிக்கவில்லை.
பக்கத்தில் பென்சிலால்
ஒரு கேள்விக்குறி.