இரண்டாம் கேட்

தாழையூத்தில் ராத்திரி பதினொன்றே கால்.
இரண்டாம் கேட் எடைமேடையில்
புதுக் கம்ப்யூட்டர் எடை காட்டமாட்டேன் என்கிறது.
சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள்
வாசலில் இருந்து ரோட்டு வளைவு வரைக்கும்
எஞ்சினை அணைத்துவிட்டு நிற்கின்றன.
முதலில் நிற்பவர் ஆவுடைநாயகம்.
மேடையில் ஏறிவிட்டார்.
முன்னால் கம்பு, பின்னால் லாரி.

முதல் கேட்டில் விண்டோஸ், பத்து வருஷப் பழசு.
என் நிரல் அங்கே
ஓட ஆரம்பித்த பிறகுதான் நூலகத்தைத் தேடும்.
தேடுவது என்ன, அதே ஃபோல்டரில்
டிஎல்எல் வாலோடு கிடக்கும், எடுத்துக்கொள்ளும்,
சாத்தாத வீட்டில் தீப்பெட்டி எடுப்பது போல.

இங்கே லினக்ஸ்.
அதே சரக்குக்கு வேறு வேஷம்:
தலையில் ஒரு லிப், வாலில் ஒரு எஸ்ஓ.
காலடியில்தான் கிடக்கிறது.
காலடியில் கிடப்பதை இது குனிந்து பார்க்காது.
தன் பட்டியலில் உள்ள இடங்களில் துழாவிவிட்டு
அப்படி ஒரு கோப்பே இல்லை என்று கைவிரிக்கிறது.
முழுப் பாதையும் சொன்னால்தான் திறக்குமாம்.

வாட்ச்மேன் பிச்சாண்டி டீ கொண்டுவந்தார்.
"பேரென்னம்மா?"
"முப்புடாதி."
"அம்மன் பேருல்லா! ஊரு?"
"பாளை."
"பாளையில எங்ஙன?"
"பஸ் ஸ்டாண்டுக்குத் தெக்க."
"தெக்கன்னா, எந்தத் தெரு?"

டீ நல்ல சூடு. ஊதி ஊதிக் குடித்தேன்.
சாய்கோடு, ஊர்,
சாய்கோடு, திசை,
சாய்கோடு.
கடைசித் துண்டுக்காக நிற்கிறார்.
"சோலி கெடக்கு அண்ணாச்சி" என்றேன்.

கம்ப்யூட்டருக்கு முழுப் பாதையும் கொடுத்தேன்.
அது வாங்கிக்கொண்டு
என்னை ஏற இறங்கப் பார்க்கவில்லை.
நூலகம் திறந்தது.
திறந்த கையோடு அடுத்த இடி:
எடைவாங்கு என்ற பெயரில் உள்ளே யாரும் இல்லை.

இருக்கிறது. எழுதியவளே நான்தான்.
பெயர்ப் பட்டியலைக் கொட்டிப் பார்த்தேன்.
கம்பைலர் அதன் தலையில்
ஒரு அடிக்கோடும் இசட்டும் வைத்து,
எழுத்து எத்தனை என்று எண்ணி ஒட்டி,
யாரிடம் என்னென்ன வாங்கும் என்பதையெல்லாம்
வாலில் தொங்கவிட்டிருந்தது.
முதல் கேட்டிலும் இதே கூத்துதான், வேறு தினுசில்.
அங்கே அதற்கென்று தனியாக
ஒரு பட்டியல் எழுதிவைத்துத் தப்பித்திருந்தேன்,
மறந்தும் போயிருந்தேன்.

சென்னையில் வேலை பார்த்த மூன்று வருஷமும்
நான் மூப்ஸ்.
அடையாள அட்டையில்கூட.

எக்ஸ்டர்ன் சி.
இரண்டே சொல்.
இந்தப் பெயரோடு எதையும் ஒட்டாதே,
வைத்தது வைத்தபடி கிடக்கட்டும்.
ஆவுடைநாயகம் ஹார்ன் அடித்தார்.
பின்னால் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.
கம்பைல் ஆக நாற்பது விநாடி.
அத்தனை விநாடியும் ஹார்ன்.

திரையில் முப்பத்தெட்டாயிரத்து நானூற்று அறுபது.
"சவம், விடிஞ்சிரும்னுல்லா நெனச்சேன்"
ரசீதைப் பல்லில் கடித்துக்கொண்டு
கியரைப் போட்டார்.

லாரி போய்விட்டது.
திரையில் இருபது கிலோ போகவில்லை.
நூலகத்தை மூடினேன், திறந்தேன்,
மறுபடியும் மூடித் திறந்தேன்.
இருபது.
எங்கேயோ எவனோ இன்னும் பிடித்துவைத்திருக்கிறான்
என்று கோட்டுக்குக் கோடு தேடினேன்.
பிச்சாண்டிதான் டார்ச் அடித்துக் காட்டினார்:
மேடை மேல் டயர் உதிர்த்த சகதி,
உடைந்த கல், ஒரு ஒற்றைச் செருப்பு.

தென்னை விளக்குமாற்றோடு ஏறினார்.
அவர் எடையும் சேர்ந்து திரையில் எண்பது ஆனது.
ஒரு ஓரமாய்ப் பெருக்கிக்கொண்டே,
என் பக்கம் திரும்பாமலே கேட்டார்:

"அப்பா என்ன பண்ணுதாரு?"