ஐம்பதாம் எண்

காட்டெருமைக்குக் கேபிள் என்றால் என்ன தெரியும்.
கொம்பில் மாட்டிக்கொண்டு
அது பாட்டுக்குச் சரிவில் இறங்கிவிட்டது.
அலமாரியில் இருந்த ரவுட்டர் அதன் பின்னாலேயே கிளம்பி
சன்னல் கம்பியில் மோதி, தரையில் விழுந்து
எல்லா விளக்கையும் அணைத்துக்கொண்டது.

புதியதை மாட்டிய யூஜின்
"பச்சை எரியுதுல்ல, அவ்வளவுதான் அக்கா" என்று போய்விட்டான்.
போனில் எல்லாம் ஓடியது.
சர்வர் மட்டும் இல்லை.

சர்வர் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம்.
திரை உடைந்த ஒரு மடிக்கணினி,
உர மூட்டைகளுக்கு மேல், எலி ஏறாத உயரத்தில்.
கேரட் பாத்தியோரம் நட்ட வெப்பமானி
பத்து நிமிடத்துக்கொரு முறை அதற்கு ஓர் எண் சொல்லும்.
மேட்டுப்பாளையம் மண்டியில் மூட்டை இறக்கிக்கொண்டே
போஜன் அதைப் பார்ப்பான்.
இரண்டுக்குக் கீழே போனால் எனக்கு அடிப்பான்.
நான் எழுந்து தண்ணீர் திறப்பேன்.
மூன்று தை மாதம் எங்கள் பயிர் கருகாமல் தப்பியது இப்படித்தான்.

இன்று கேத்தியின் மேல் வானம்
துடைத்துக் கவிழ்த்த பாத்திரம். ஒரு மேகம் இல்லை.
பனி விழும்.

ஏழு மணிக்குக் கூப்பிட்டேன். பதில் இல்லை.
கேபிளைப் பிடுங்கிச் செருகினேன்.
அணைத்துப் போட்டேன். வேறு கேபிள். மறுபடி அணைத்துப் போட்டேன்.
அதன் விசிறி சுற்றுவது கேட்கிறது.
உயிரோடுதான் இருக்கிறது,
என்னோடுதான் பேச்சு இல்லை.

எட்டரைக்குப் புரிந்தது.
பழைய ரவுட்டரின் தெருவுக்குப் பெயர் ஒன்று.
புதியதன் தெருவுக்கு முப்பத்தொன்று.
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, நூற்றறுபத்தெட்டு, ஒன்று, ஐம்பது:
நான்தான் அழுத்திச் சொல்லியிருந்தேன்,
எது மாறினாலும் நீ மாறாதே என்று.
மாறவில்லை.
இடித்துவிட்ட தெருவில், ஐம்பதாம் எண் வீட்டில்
விளக்கேற்றி உட்கார்ந்திருந்தது.

சரி, நான்தான் போக வேண்டும்.
ரவுட்டரை ஓரமாக வைத்தேன்.
அதற்கும் என் கணினிக்கும் நடுவில் ஒரே ஒரு கம்பி.
எனக்கு நானே ஐம்பத்தொன்று என்று எண் போட்டுக்கொண்டு
பக்கத்து வீட்டுக்காரி போலத் தட்டினேன்.
உடனே திறந்தது.
கடவுச்சொல்லை இரண்டு முறை தப்பாக அடித்தது என் குளிர்ந்த விரல்.
புதுத் தெருவில் குடிவைத்தேன். அதே ஐம்பது.
வெளியிலிருந்து வருகிறவரை எந்த வாசல் வழியாக
எந்த அறைக்கு அனுப்புவது என்று
புது ரவுட்டருக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

வீட்டுக்குள் இருந்துகொண்டே வெளியாள் மாதிரி நடிக்க முடியாது.
ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டு,
டார்ச்சோடு ரயில் நிலையம் வரை நடந்தேன்.
காலிப் பெஞ்சு. வைஃபை இல்லாத போன்.
எங்கள் பெயரை அடித்ததும்
ஒரு பக்கம் திறந்தது.
எங்களுடையது இல்லை.
யாருடைய ரவுட்டரோ என்னிடம் பயனர் பெயர் கேட்டது.
செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்குகிற மாதிரி
மெதுவாக மூடினேன்.

எங்கள் பழைய முகவரியைக் கம்பெனி
யாருக்கோ கொடுத்துவிட்டது.
முகவரி மாறும்போதெல்லாம் பெயர்ப்பலகையைத் திருப்பி வைத்ததும்
அந்தச் செத்த ரவுட்டர்தான். மூன்று வருடம்.
நான்தான் எப்போதோ சொல்லிவைத்து மறந்திருக்கிறேன்.
குப்பைக் கூடையில் போட்டிருந்தேன் அதை,
வெங்காயத் தோலோடு.

மூன்றே முக்கால். போன்.
"ஒண்ணரை காட்டுது. எந்திரி."
நான் பாத்தியோரம்தான் நின்றுகொண்டிருந்தேன்,
டார்ச் வெளிச்சத்தில் அதே ஒன்றரையைப் பார்த்தபடி.
அதைச் சொல்லவில்லை.
"சரி" என்றேன்.
வால்வு இறுகியிருந்தது. இரண்டு கையாலும் திருகினேன்.