முப்பதாம் நாள் எண்ணிக்கை

குரும்பாபேட் நிறுத்தத்தில் இறங்கி
வேலிக்கருவை கையைக் கீறாமல் நடந்தால்
எலிவீடு.
பலகையில் நீளமாக வேறு பெயர்.
தனவேல் இப்படித்தான் சொல்வான்,
எனக்கும் ஒட்டிக்கொண்டது.

இருபத்து நான்கு வெள்ளைச் சுண்டெலிகள்.
பாதிக்குத் தடுப்பூசி, பாதிக்கு வெறும் உப்புநீர்.
எதற்கு எது என்று
எண்ணுகிறவளுக்குத் தெரியக் கூடாது.
விடை எஸ்தெல் மேடத்தின் இழுப்பறையில்,
ஒட்டிய உறைக்குள்.
பிறகு எல்லா வயிற்றிலும்
நாடாப்புழுக் கட்டிகள் பத்துப் பத்து விட்டோம்.
பன்றிக்கு வருவதன் பங்காளி இது,
எலிக்குள் மொட்டுவிட்டுப் பெருகும்.
எனக்குத் தெரிந்தது வால் மட்டும்:
பத்துக்கு ஒரு கறுப்பு வளையம்,
ஒன்றுக்கு ஒரு சிவப்புக் கோடு.

இன்று முப்பதாம் நாள்.
ஊசுட்டேரி தளும்புகிறதென்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள்.

வாயுப் பெட்டியில் முதலில் மூக்கைத் துடைத்துக்கொள்ளும்.
அப்புறம் துடைக்காது.
கத்தரி வைத்தால்
வெந்த ஜவ்வரிசி, கண்ணாடியாய், கிண்ணத்தில் வழுக்கும்.
பாயசம் விட்டு நான்கு வருடமாகிறது.
கேட்டால் சர்க்கரை என்பேன்.

எண்ணும்போது தனவேல் ரேடியோவை அணைத்துவிடுவான்.
ஒன்பதாவதில் இருநூற்று நாற்பத்தொன்று.
பதினேழாவதில்
ஒன்றுமில்லை.
கழுவினேன். மறுபடி கழுவினேன்.
ஈரலுக்குப் பின்னால், குடல் மடிப்பில்,
தேடாத இடமில்லை.
விட்ட பத்துகூட இல்லை.

போன ஆடியில் வில்லியனூர் தேரடியில்
ஒரு பையன் வலிப்பில் விழுந்தான்.
இரும்பு, இரும்பு என்றார்கள்.
என் கையிலிருந்த எலிவீட்டுச் சாவிக்கொத்தைப் பிடுங்கி
அவன் விரல்களுக்குள் திணித்தார்கள்.
ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க என்று கத்தினேன்,
யார் காதில் விழுந்தது.
அவன் மூளையில் ஒரு ஜவ்வரிசி இருந்ததோ,
வேறு எதுவோ.
தானாக அடங்கியது.
சாவியைத் துடைத்துத் தந்த பெரியவர்
நல்ல சாவிம்மா என்றார்.

நாலரைக்கு மேடம் உறையைக் கிழித்தார்.
உப்புநீர்க் கூட்டத்தின் சராசரி நூற்றுப் பத்தொன்பது.
ஊசி போட்டதற்கு முப்பத்தெட்டு.
நல்ல முடிவு. தனவேல் டீ சொல்லப் போனான்.
அப்புறம்தான் பட்டியலில் விரல் நின்றது.
ஒன்பது, ஊசி போட்டது.
பதினேழு, உப்புநீர்.

"கையளவு தவறியிருக்குமா, மேடம்? எடுத்துடலாமா?"
கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.
"ரெண்டையும் எழுது, இருதயா.
நாம் கொடுக்காததை அது எங்கே வாங்கிச்சு?
மண்ணீரலை எடுத்து வச்சியா?"

வைக்கவில்லை.
மஞ்சள் பையைக் கட்டிப்
பின்கட்டில் போட்டாயிற்று,
வண்டி ஐந்து மணிக்கு.

கூரை ஒழுகலில் பை நனைந்திருந்தது.
முடிச்சை அவிழ்த்து, டார்ச்சைப் பல்லில் கடித்து,
இருபத்து நான்கையும் சிமெண்டில் பரப்பினோம்.
மை ஊறி எல்லா வாலும் ஒரே ரோஜா நிறம்.
வண்டிக்காரன் கேட்டில் ஹாரன் அடிக்கிறான்.

தனவேல் இரண்டைத் தூக்கி
வெளிச்சத்துக்கு நேரே பிடித்தான்.
"ரெண்டுலயும் கோடு ஏழு இருக்கு அக்கா.
கறுப்பு எதுல இருந்துச்சு?
நீங்க பாருங்க,
எனக்குக் கண் கூசுது."