மூன்று நீல விளக்கு

மாயாபுரி யார்டில் மே பதினெட்டு, மணி இரண்டே கால்.
சேதம் மதிப்பிட வந்திருக்கிறேன்.
லாரி ஒன்று பின்னாலிருந்து இடித்ததில்
டிக்கி வந்து பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிறது.
முன்பாதி மட்டும்
இன்னும் ஷோரூமை விட்டு வராதது மாதிரி.
பக்கத்து வரிசையில் ஒருவன்
யாருடையதோ ஒரு கதவைச் சுத்தியலால் பிரித்துக்கொண்டிருக்கிறான்.

உரிமையாளர் சப்பர்வால், கழுத்தில் பட்டை,
திரும்பிப் பார்க்க உடம்பையே திருப்புகிறார்.
"மேடம், டாப் மாடல். சீட்டுக்குள்ள ஃபேன்.
அதுக்காகவே ஒன்றரை லட்சம் கூடக் குடுத்தேன்."
அவர் இந்தியில் சொன்னதை
என் தலை தமிழில் குறித்துக்கொண்டது.

ஏனென்றால் காலையில் இதே கணக்கு எங்கள் வீட்டில்.
இட்லித் தட்டோடு நன்மாறன் கேட்டார்:
"முதுகுக்கு ஒன்றரை லட்சமா?
அந்தக் காசுக்கு ரெண்டு ரூமுக்கு ஏசி போட்டு
மிச்சத்துல ஊருக்கும் போயிட்டு வரலாம்."
நான் பதில் சொல்லவில்லை.
அவர் மெட்ரோவில் போகிறவர்.

ஒன்பது வருடம் ஓட்டினால், வருடத்துக்கு ஐந்து மாத வெயில்,
மாதம் மூவாயிரத்து முந்நூற்றுச் சொச்சம்.
பம்பருக்கு, டயருக்கு, கண்ணாடிக்கெல்லாம்
தேய்மானம் எவ்வளவென்று தூக்கத்திலும் சொல்வேன்.
முதுகுக்கு என்னிடம் பட்டியல் இல்லை.

துவாரகா, நொய்டா, குண்ட்லி, மறுபடி மாயாபுரி.
என் காரில்
சீட்டுக்கு மரமணி விரிப்பு, அதன்மேல் ஈரிழைத் துண்டு.
ஏசி போட்டால்
முகத்துக்கு மார்கழி, முதுகுக்குக் கத்திரி.
இறங்கும்போது குர்தாவைப் பிய்த்தெடுக்க வேண்டும்,
பழைய பிளாஸ்திரி மாதிரி.
சாம்பல் நிறம் உடுத்துவதை நிறுத்தி நாலு வருடம்.
இளநீலத்தையும்.
அலுவலகத்தில் எனக்குப் பின்னால் நடப்பவர்கள்
என்னைவிட நன்றாக அறிவார்கள்
என் முதுகில் வந்துபோகும் தேசப்படங்களை.

சாவி கேட்டேன். மின்சாரம் சோதிக்கணும் என்றேன்.
பாதி உண்மை.

உட்கார்ந்தேன். இருக்கைத் தோல் நெடுக
எறும்புப் புற்று வாசல்களாய்த் துளைகள்.
பட்டனை அழுத்த, மூன்று நீல விளக்கு.
முதலில் வந்தது அடுப்படிக் காற்று.
நாலு நாள் வெயிலில் வெந்த வண்டி
தன்னிடம் இருப்பதைத்தானே தரும்?
நன்மாறன் ஜெயித்துவிட்டார் என்று எழப்போனேன்.

அப்புறம்,
இடுப்புக்கு மேலே, விரல் எட்டாத அந்த இடத்தில்
ஏதோ ஒன்று தளர்ந்தது.
குளிர் இல்லை. குளிர் என்றால் பொய்.
தில்லி வெயில் வறண்டது,
ஒரு துளி வழி விட்டால் போதும்,
வியர்வையைக் குடித்துவிட்டுப் போய்விடும்.
அந்த வழி திறந்தது, அவ்வளவுதான்.
துணி தனியாய், நான் தனியாய் ஆனோம்.
கண்ணை மூடியிருந்தேன் என்பது
திறந்தபோதுதான் தெரிந்தது.

கண்ணாடியில் பின்சீட்.
டிக்கிக்கும் எனக்கும் நடுவே ஒரு ஜாண்.
அங்கே துளைகள் கிடையாது,
முன்னால் இருப்பவர்களுக்கு மட்டும்தான் இந்தக் காற்று.
"யாரும் உட்கார்ந்திருக்கலியே?"
"பொண்ணு வர்றேன்னா. பரீட்சைன்னு வீட்லயே இருந்துட்டா,"
என்றார் சப்பர்வால்,
இம்முறை உடம்பைத் திருப்பாமல்.

விசிறி ஓடிக்கொண்டே இருந்தது.
அணைக்க எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும்.

படிவத்தில் எழுதினேன்:
முன் இருக்கை இரண்டு. சேதம் இல்லை. இயங்குகிறது.
எத்தனை நிமிடம் சோதித்தீர் என்றொரு கட்டம்
நல்ல வேளை, அதில் இல்லை.

ராத்திரி நன்மாறன் கேட்டார்,
"என்ன முடிவு பண்ணுன?"
"முதல் மூணு நிமிஷம் சூடாத்தான் இருக்கும்."
"அப்புறம்?"
துவைக்கப் போட்டிருந்த குர்தாவை
எடுத்து விரித்துக் காட்டினேன்.
உப்புக்கோடு பாதி முதுகில் நின்றிருந்தது.